காரணம் தெரியாத காய்ச்சலா? குழந்தையின் சிறுநீரைச் சோதியுங்கள்

குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. சளி இல்லை, இருமல் இல்லை, பேதியும் இல்லை. "பல் முளைக்கிறது" என்கிறாள் தாய். "திருஷ்டி" என்கிறாள் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. தகப்பனார் வேலை முடிந்து வரும் வழியில் மருந்துக் கடையில் சொல்லி ஒரு பாட்டில் மருந்து வாங்கி வருகிறார். இரண்டு நாளில் காய்ச்சல் தணிகிறது. இரண்டு மாதம் கழித்து மீண்டும் அதே காய்ச்சல், அதே மருந்து.

மும்பையில் தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகளில் இது புதிதல்ல. ஆனால் இப்படி வரும் காய்ச்சல்களில் சில, சிறுநீரில் கிருமி சேர்வதால் வருபவை. சிறுநீரில் கிருமி கண்ட குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, அதன் பின்னால் ஒரு பிறவிக் குறையும் ஒளிந்திருக்கிறது.

ஒருவழிப் பாதை

சிறுநீரகத்தில் உண்டாகும் சிறுநீர் மெல்லிய குழாய் வழியாக மூத்திரப்பைக்கு இறங்குகிறது. அந்தக் குழாய் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்துச் செல்கிறது. பை நிறைந்ததும் சுவரே குழாயை அழுத்தி மூடிவிடும். சில குழந்தைகளுக்குச் சுவருக்குள் செல்லும் பகுதி பிறவியிலேயே குட்டையாக அமைந்துவிடுகிறது. வழி சரியாக அடைபடாததால், சிறுநீர் வந்த வழியே மேலே ஏறுகிறது.

கிருமியும் சேர்ந்து ஏறினால்தான் பெரிய ஆபத்து. சிறுநீரகம் புண்ணாகி, ஆறும்போது தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடம் இரத்தத்தைச் சுத்தம் செய்யாது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. அழிந்தது மறுபடி முளைப்பதில்லை. பின்னோக்கி ஏறும் சிறுநீருக்கும் இந்தத் தழும்புக்கும் உள்ள தொடர்பை ஹாட்சன், எட்வர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள் 1960ல் எடுத்துக் காட்டினார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. ஓடும், விளையாடும். மீதமுள்ள பகுதி ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் கிரியேட்டினின் அளவுகூட, சிறுநீரகத்தின் வேலை ஏறக்குறைய பாதி குறைந்த பிறகே தெளிவாக உயரும். பல வருடம் கழித்து, சிறு வயதிலேயே இரத்த அழுத்தம் என்று டாக்டர் சொல்லும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது.

மருந்துக்கு முன் பரிசோதனை

ஆகவே காரணம் புரியாத காய்ச்சல் என்றால், ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலும் கிருமி பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். அதற்காக மருந்தைத் தாமதப்படுத்தவும் கூடாது. மாதிரி எடுத்த கையோடு டாக்டர் சொல்லும் மருந்தை ஆரம்பிக்கலாம். பிறகு ஸ்கேன், தேவையானால் மூத்திரப்பையில் மருந்து நிரப்பி எடுக்கும் எக்ஸ்ரே.

குறை இருக்கிறது என்றதும் பதற வேண்டாம். இதில் ஐந்து நிலைகள் உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் வளர வளரத் தானே சரியாகிவிடும். கடுமையானவற்றில் சிலருக்கே ஆபரேஷன். தினமும் சிறு அளவில் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் 607 குழந்தைகளிடம் நடந்து 2014ல் வெளியான ஆராய்ச்சியில், அது திரும்பத் திரும்ப வரும் கிருமித் தொற்றைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் தழும்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. யாருக்குத் தேவை என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரு குழந்தைக்கு இருந்தால், உடன்பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மலச்சிக்கலும், சிறுநீரை அடக்குவதும் இந்த நோய்க்குத் துணை போகின்றன. பொதுக் கழிப்பறைக் கியூவுக்கும், பள்ளிக்கூடக் கழிப்பறை நாற்றத்துக்கும் பயந்து, காலையிலிருந்து மாலை வரை தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் சிறுமிகள் எத்தனை பேர்! இது குழந்தையின் தவறல்ல. பள்ளியில் பெற்றோர் வாய் திறந்து கேட்க வேண்டிய விஷயம்.

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மருந்தையும் பழைய பரிசோதனைச் சீட்டுகளையும் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். திருநெல்வேலியில் காய்ச்சல் வந்தால், அங்குள்ள டாக்டருக்கு அந்தச் சீட்டுகள்தான் வழி காட்டும்.