பரிசு பெற்ற ஆராய்ச்சி: தப்பு செய்த பையன் திருந்துவானா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சிறு வயதில் திருடியவன் கடைசி வரை திருடன்தானா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய இருவருக்கு 2011-ஆம் ஆண்டு ஒரு பெரிய பரிசு கிடைத்தது.

அந்த இருவர் ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன். அமெரிக்க நாட்டு அறிஞர்கள். பரிசின் பெயர் 'ஸ்டாக்ஹோம் பரிசு'. குற்றங்களைப் பற்றி ஆராயும் அறிஞர்களுக்கு, சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 2006 முதல் இது வழங்கப்படுகிறது.

இவர்கள் செய்தது வாழ்க்கைப் பாதை ஆராய்ச்சி. அப்படி என்றால் என்ன? நாற்றை மட்டும் பார்த்து விளைச்சலைச் சொல்ல முடியுமா? அறுவடை வரை பார்க்க வேண்டும். மனித வாழ்க்கையும் அப்படித்தான். ஒருவரைச் சிறு வயது முதல் முதுமை வரை கவனிப்பதே இந்த ஆராய்ச்சி.

பெட்டிகளில் கிடந்த வாழ்க்கை

பாஸ்டன் என்பது அமெரிக்காவில் ஒரு நகரம். அங்கே 1940 வாக்கில் ஷெல்டன் குளூக், எலினார் குளூக் என்ற கணவனும் மனைவியும் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். குற்றம் செய்து சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்களை எடுத்துக்கொண்டார்கள். குற்றம் செய்யாத 500 பையன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இரு பக்கமும் ஏழைத் தெருக்களில் வளர்ந்தவர்களே. அவர்களுக்கு 32 வயது ஆகும் வரை விவரங்களை எழுதி வைத்தார்கள்.

பிறகு அந்தத் தாள்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1980-களில் லாப் அவற்றைக் கண்டெடுத்தார். லாபும் சாம்ப்சனும் அந்த விவரங்களைக் கணினியில் ஏற்றினார்கள். பின்னர், குற்றம் செய்த அந்த 500 பேரின் பிற்கால வாழ்க்கையைப் பதிவேடுகளில் தேடினார்கள். 52 பேரை நேரில் கண்டு பேசினார்கள். அன்றைய பையன்கள் இப்போது 70 வயதை நெருங்கிய தாத்தாக்கள்!

என்ன தெரிந்தது?

பெரும்பாலானவர்கள் என்றோ குற்றத்தை விட்டிருந்தார்கள். சிலர் சீக்கிரம் விட்டார்கள், சிலர் தாமதமாக விட்டார்கள். யார் எப்போது விடுவார் என்பதைச் சிறு வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பலரைத் திருப்பியது மூன்று விஷயங்கள்: நிலையான வேலை, அன்பான மண வாழ்க்கை, ராணுவச் சேவை. இவற்றால் பழைய சேர்க்கை விட்டுப் போனது. அன்றாட வாழ்க்கையில் ஓர் ஒழுங்கு வந்தது.

"கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்" என்று இங்கே சொல்வது உண்டு. ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை. தாலி கட்டியதால் மட்டும் யாரும் மாறவில்லை. கணவன் மனைவிக்குள் மெல்ல மெல்ல வளர்ந்த பாசமே மாற்றியது. முரட்டுப் பையனுக்குப் பெண் கொடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்தது. நீண்ட நாள் சிறையில் இருந்தவர்களுக்கு வேலை நிலைக்கவில்லை. வேலை இல்லாதபோது மீண்டும் குற்றத்தில் இறங்கினார்கள்.

தண்டனை முடிந்து ஊருக்கு வருபவனை எல்லோரும் ஒதுக்கினால் அவன் எங்கே போவான்? பழைய கூட்டாளிகளிடம்தான் போவான். ஒருவர் வேலை கொடுத்தால் அவன் பாதை மாறலாம்.

கூடிப் பேசுங்கள்

1. சிறு வயதில் தவறு செய்து, பிறகு திருந்தியவர் உங்கள் ஊரில் உண்டா? அவரை மாற்றியது எது?
2. சிறையிலிருந்து வருபவருக்கு ஊர் என்ன உதவி செய்யலாம்?