விசிலுக்கு ஒரு லேத், நாதஸ்வரத்துக்கு வேறொன்று: ஏன்?

கோவையில் 'லேத்' என்றதும் இரும்பு கடையும் பட்டறைதான் ஞாபகம் வரும். மரத்தில் விசில், குழல் கடையவும் லேத் உண்டு. வாங்கும் முன் மோட்டார் பவரை மட்டும் பார்க்காதீங்க. அதில் எவ்வளவு நீளக் கட்டையை மாட்டலாம் என்பதுதான் முதல் கேள்வி.

விசிலா? விரல் நீளக் கட்டைதானே! மேஜை மேல் வைக்கும் மினி லேத் போதும்.

புல்லாங்குழலா? நம்ம மூங்கில் குழலுக்கு லேத்தே வேண்டாம். மூங்கில் உள்ளே இயற்கையாகவே கூடு. மேற்கத்திய மரக்குழலைத் துண்டு துண்டாகக் கடைந்து இணைப்பதால், நடுத்தர லேத் போதும்.

நாதஸ்வரமா? இங்கேதான் சவால். கும்பகோணம் அருகே நரசிங்கம்பேட்டையில் தயாராகும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் 'உலவு' எனும் உடல்பகுதி நீளமான ஒரே துண்டு; மேலே குறுகி, கீழே அகலும். அதனால் நீளமான லேத் வேண்டும். துளைக்கும் கருவி உள்ளே போய்வரவும் கூடுதல் இடம் தேவை.

நீளக் கட்டை சுழலும்போது நடுவில் அதிரும். துளை கொஞ்சம் விலகினாலும் சுருதி போச்சு. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது தேடி வாங்கிய ஆச்சா மரமும் வீண். அதைத் திரும்ப ஒட்டவா முடியும்?