அறுவைக்குப் பின் நாயின் இரவுத் தூக்கம்

தோட்டப்புறத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. விடியுமுன் பெரியவர்கள் வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூட வேனைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். பகல் முழுதும் கோழிக்கூட்டையும் கொடியில் காயும் துணிமணியையும் பார்த்துக்கொள்வது அந்த நாய்தான். அது வயிற்றில் தையலோடு வீடு திரும்பினால், முதல் சில இரவுகளை எப்படிக் கழிக்கச் செய்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பெட்டை நாய்க்குச் செய்யும் கருத்தடை அறுவையையே எடுத்துக்கொள்வோம். குட்டிகளைச் சாக்கில் கட்டிச் செம்பனங்காட்டு ஓரத்தில் விட்டுவிட்டு வரும் பாவத்தைவிட இந்த அறுவை நூறு மடங்கு மேல் என்பது நமது எண்ணம். காலையில் வெறும் வயிற்றோடு கொண்டுபோனால், பெரும்பாலும் அன்று மாலையே நாயைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது மயக்கம் முழுதும் தெளிந்திருக்காது. காட்டுப்பன்றி கிழித்த காயத்துக்குத் தையல் போட்டிருந்தாலும் இரவுப் பராமரிப்பு ஏறக்குறைய இதேதான்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். ரோசி என்று ஒரு நாய் வளர்த்தோம். அறுவை முடிந்து வந்த இரவு அது ஓயாமல் முனகிற்று. கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் கூம்பு கதவிலும் சுவரிலும் மோதிச் சத்தம் போட்டது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே பலகைச் சுவர்தான்; அங்கிருந்து ஒருவர் இருமிக் காட்டினார். இரவு இரண்டு மணிக்குப் பொறுக்கமுடியாமல் கூம்பைக் கழற்றிவிட்டோம். ரோசி உடனே அமைதியாகிவிட்டது. பாவம், தூங்கிவிட்டது என்று நாங்களும் படுத்தோம். அது தூங்கவில்லை. நக்கிக்கொண்டிருந்தது. நாலரை மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தால் மூன்று தையல் அறுந்து கிடக்கிறது! ரோசிக்கு மறுபடியும் மயக்க ஊசி. எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. தையல் போட்ட நாய் சத்தமில்லாமல் இருந்தால் எழுந்து பார்க்கவேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டோம்.

ஆகவே கூம்பைப் பற்றி முதலில் சொல்கிறோம். கூம்பின் விளிம்பு நாயின் மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல்கடையாவது நீண்டிருக்கவேண்டும். குட்டையாக இருந்தால் நாய் உடம்பை வளைத்துத் தையலை எட்டிவிடும். கழுத்துக்கும் கூம்புக்கும் இடையே நமது இரண்டு விரல்கள் நுழைய இடமிருந்தால் போதும். நாய்க்குப் பழக்கமில்லாத பொருள் ஆதலால் முதல் இரவு முட்டிக்கொள்ளத்தான் செய்யும். நாற்காலி, வாளி, விறகு எல்லாவற்றையும் படுக்கும் இடத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டால் பாதிச் சத்தம் குறைந்துவிடும். கூம்பு கிடைக்காவிட்டால் பிள்ளைகளின் பழைய பனியனைப் போட்டுவிடலாம். கழுத்து வழியாகத் தலையையும் கை வழியாக முன்னங்கால்களையும் விட்டு, அடிப்பகுதியை முதுகின்மேல் முடிந்துகொள்ளவேண்டும். வெளியே கொண்டுபோகும் முன் முடிச்சை அவிழ்க்க மறந்தால் பனியன் நனைந்து காயமும் ஈரமாகிவிடும். கெட்டிக்கார நாய் பனியனையும் கடித்துக் கிழித்துவிடும். அந்த மாதிரி நாய்க்குக் கூம்புதான் சரி.

இனி படுக்கை. நாயை அழைத்துவரப் போகுமுன்பே இதைத் தயார் செய்துவிடவேண்டும். மயக்க மருந்து உடம்புச் சூட்டைக் குறைத்துவிடும். வயிற்று மயிரையும் மழித்திருப்பார்கள். நமது ஊர் வெக்கைதானே என்று வெறும் சிமெண்டுத் தரையில் கிடத்தினால் நடுநிசியில் நடுங்கும். சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் துவைத்துக் காய்ந்த கைலியை விரித்தால் போதும். கைலியின் நிறம் வெளிறியதாக இருந்தால் இரத்தக் கசிவு சட்டென்று தெரியும். மிகவும் நடுங்கினால் போத்தலில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, தடித்த துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்கலாம். சுடுநீர் கூடாது. மயக்கத்தில் இருக்கும் நாய் சுட்டாலும் நகரத் தெரியாமல் அங்கேயே கிடக்கும். படிக்கட்டு, திண்ணை, கட்டில் எதுவும் வேண்டாம். தரைதான் அதற்கு இடம். வழக்கமாக வெளியே கட்டிக்கிடக்கும் நாயாக இருந்தாலும் இந்த ஒரு வாரம் சமையற்கட்டு மூலையிலாவது படுக்கட்டும். வெளியே பூனை ஓடினால் அதுவும் பாயும், தையல் தாங்காது.

உணவு விஷயத்தில் நமது அன்பே நாய்க்குச் சங்கடமாகிவிடும். காலையிலிருந்து பட்டினி கிடக்கிறதே என்று சோறும் கறியும் குவித்து வைக்காதீர்கள். தலையைத் தூக்கி நிலையாக உட்காரும் வரை ஒன்றும் கொடுக்கவேண்டாம். பிறகு கொஞ்சம் தண்ணீர். அது வாந்தியாக வராவிட்டால், வழக்கமான உணவில் கால்பங்கு, குழைந்த சோறும் உப்புக் காரமில்லாத கோழியிறைச்சியுமாகக் கொடுக்கலாம். முதல் இரவு தின்ன மறுத்தால் கவலையில்லை.

படுக்கைக்குப் போகுமுன், சுமார் பத்து மணிக்கு, கயிற்றில் பிடித்து மெதுவாக வெளியே நடத்திச் சென்று சிறுநீர் கழிக்கச் செய்யவேண்டும். அறுவையின்போது நரம்பில் நீர் ஏற்றியிருந்தால் இரவில் அடிக்கடி போகும். பல நாய்கள் படுக்கையை அசுத்தப்படுத்தக் கூச்சப்பட்டே முனகுகின்றன. வெளியே விட்டுக் கொண்டுவந்தால் தூங்கிவிடும். எழமுடியாத நாயின் அடிவயிற்றில் துண்டு கொடுத்துத் தூக்குவார்கள். வயிற்றில் தையல் உள்ள நாய்க்கு அது ஆகாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழும் மற்றொரு கை பின்தொடைகளுக்குப் பின்னாலும் கொடுத்துத் தூக்குவதே சரி. மலம் இரண்டு மூன்று நாள் வராமலிருப்பது சாதாரணம்.

முனகல் எல்லாமே வலியால் வருவதல்ல. மயக்கம் தெளியும்போது நாய்க்கு இடம் பொருள் புரியாது. கண் எங்கோ பார்க்க, தாளம் போட்டதுபோல் ஒரே மாதிரி முனகும். விளக்கைக் குறைத்து, வானொலியை நிறுத்தி (நாம் பேசி முடித்த பிறகு!), வீட்டில் ஒருவர் பக்கத்தில் படுத்திருந்தால் சில மணி நேரத்தில் அடங்கும். வலி வேறு மாதிரி. படுக்க முயன்று படுக்கமுடியாமல் எழும், முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும், காயத்தின் பக்கம் கை போனால் உறுமும், ஓடியாடாமலே மூச்சிரைக்கும்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நேர்கிறது. வீட்டில் பனடோல் இருக்கும். மனிதனுக்கு நல்லதுதானே என்று சோற்றில் வைத்துக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கவே கூடாது. பாராசித்தமோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியையும் குறைக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரை வாங்கப் போதும். உடம்பு வலிக்கு நாம் சாப்பிடும் ஐபுபுரோபன், ஆஸ்பிரின் வகைகள் நாயின் வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். மருத்துவர் வலிமருந்து கொடுத்திருக்கும்போது இவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து இரட்டிப்பு. நாயை வாங்கும்போதே, "வலியூசி போட்டீர்களா? அது எவ்வளவு நேரம் தாங்கும்? அடுத்த மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? காசு கொடுத்திருக்கிறோம்.

காயத்தின்மேல் மஞ்சள்தூள், மண்ணெண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். காயம் உலர்ந்திருந்தாலே ஆறும். நமது தட்பவெப்பத்தில் உண்மையான எதிரி ஈ. சில வகை ஈக்கள் காயத்தில் முட்டையிட்டால் ஒரே நாளில் அது புழுவாகிவிடும். ஈக்கள் பகலில் உலவுபவை; ஆகவே காலையில் வேலைக்குப் போகுமுன் தையலைப் பார்த்து, பழைய கொசுவலையை நாயின்மேல் படாமல் உயர்த்திக் கட்டிவிட்டுப் போவது நல்லது. இரத்தம் பட்ட கைலியை அன்றன்றே துவைத்துவிடவேண்டும். எறும்பு அதைத் தேடித்தான் வரும்.

இரவு முழுதும் விழித்திருக்க நம்மால் முடியுமா? முடியாது, மறுநாள் பெரட்டுக்குப் போகவேண்டும். பத்து மணிக்கு ஒரு முறை, இரண்டு மணிக்கு ஒரு முறை, நாலரைக்கு எழும்போது ஒரு முறை பார்த்தால் போதும். வீட்டில் இருவர் இருந்தால் முறை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் மூச்சை எண்ணுங்கள். தூங்கும் நாய்க்கு நிமிடத்துக்கு 30க்குள் இருக்கவேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். வாய் கறுத்த நாயாக இருந்தால் கீழ் இமையை இழுத்து உள்ளே பார்க்கலாம். ஈறு வெளுத்துப்போனால், வயிறு உப்பினால், இரத்தம் சொட்டுச் சொட்டாக நிற்காமல் விழுந்தால், திரும்பத் திரும்ப வாந்தியெடுத்தால், எழுப்பியும் எழாவிட்டால் விடியும்வரை காத்திராதீர்கள். அந்த நேரத்தில் யாரை அழைப்பது, யாருடைய வண்டி கிடைக்கும் என்பதை மாலையிலேயே கேட்டு வைத்திருங்கள். தையல் பிரிந்து உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்து மூடிக்கொண்டு புறப்படவேண்டும்.

மூன்றாம் நாள் நாய் பழையபடி வாலை ஆட்டிக் குதிக்கத் தொடங்கும். இனி ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் பந்தை எடுப்பார்கள். உள்தசை அப்போது ஒட்டியிருக்காது. தையல் பிரிக்கும் நாள், அதாவது 10 முதல் 14 நாள் வரை, கயிறும் கூம்பும் தொடரட்டும். தையல் பிரித்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம். ஊசி நுழைந்த துளைகள் மூட இன்னும் இரண்டு நாள் போகட்டும்.