கடைப் பூனையும் காட்சிப் பூனையும்



வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை, லாரி வாடகை என்று இந்தப் பக்கங்களில் எவ்வளவோ பேசுகிறோம். சம்பளம் கேட்காமல், லீவு போடாமல், இரவெல்லாம் கண் விழித்து நமக்காக உழைக்கும் ஒருவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பூனையாரைத்தான் சொல்கிறோம்.

ராயபுரம் கல்மண்டபம் தொடங்கி தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரை அரிசி மண்டி, மளிகைக் கடை, கருவாட்டுக் கடை எதை எடுத்துக்கொண்டாலும் அருகில் ஒரு பூனை இருக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைக் கேட்கவே வேண்டாம். இப்போது வேறு வகைப் பூனைகளும் நம் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பர்ஷியன் வேண்டும், சயாமீஸ் வேண்டும், பெங்கால் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். மிளகாய் வத்தல் வாங்கினால்கூட சாக்கைப் பிரித்து, கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் நாம். பூனையை மட்டும் படத்தைப் பார்த்து வாங்கலாமா? அதன் ரகம் என்ன, குணம் என்ன, இருக்க வேண்டிய இடம் எது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? தெரியாமல் வாங்கினால் நட்டம் நமக்கு மட்டுமல்ல, அந்த வாயில்லா ஜீவனுக்கும்தான்.

பழைய கணக்கு

பூனைக்கும் தானிய வியாபாரிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. மனிதன் தானியத்தைச் சேர்த்து வைத்தான், எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதப் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள்.

குடோனிலிருந்து பூனை கப்பல் ஏறியது. 1949-ல் சீனாவின் யாங்சே நதியில் குண்டடி பட்ட 'அமெதிஸ்ட்' என்ற பிரிட்டிஷ் கப்பலில் சைமன் என்று ஒரு பூனை இருந்தது. ஹாங்காங்கில் கண்டெடுத்த தெருப்பூனை அது. தானும் காயம்பட்ட நிலையில் எலிகளைப் பிடித்து மாலுமிகளின் உணவைக் காத்தது. பிராணிகளுக்கான டிக்கின் பதக்கத்தைப் பெற்ற ஒரே பூனை அதுதான்.

நாய்களில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று நம் ஊர்ப் பெயரிலேயே ரகங்கள் உண்டு. வேட்டைக்கு ஒன்று, காவலுக்கு ஒன்று என்று வேலை பார்த்துப் பிரித்தார்கள். பூனைக்கு அப்படி இல்லை. எல்லாப் பூனைக்கும் எலி பிடிப்பது ஒன்றே வேலை. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பூனைக் கண்காட்சி நடந்த பிறகுதான் ரகம் பிரிக்கும் மோகம் மேல்நாட்டில் பரவியது. இன்றைய பல ரகங்கள் அதற்குப் பின் வந்தவை. அவற்றில் வேலையைப் பார்க்கவில்லை. முடியையும் முகத்தையும் நிறத்தையும் பார்த்தார்கள்.

ரகமும் குணமும்

பர்ஷியன் சாது. பஞ்சு மூட்டை போல வைத்த இடத்தில் கிடக்கும். ஆனால் தினமும் சீப்பு போட்டு வாராவிட்டால் முடி சிக்குப் பிடித்துவிடும். முகம் சப்பையாக இருப்பதால் மூச்சு விடச் சிரமப்படும். கண்ணில் நீர் வடியும். சிறுநீரகத்தில் கட்டி வரும் பரம்பரை நோயும் இந்த ரகத்தில் அதிகம். நம் ஊர் சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ் இதை வைப்பது பாவம்.

சயாமீஸ், தாய்லாந்து நாட்டுச் சரக்கு. வாய் ஓயாது. பதில் சொல்லாவிட்டால் விடாமல் கத்தும். தனிமை பிடிக்காது. பிறக்கும்போது வெள்ளையாக இருந்து, உடம்பில் குளிர்ச்சியான பாகங்களான காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கறுத்துப்போகும். வெப்பமான ஊரில் நிறம் வெளுத்தே நிற்கும். வாங்கிய பிறகு "சாயம் போய்விட்டது" என்று சண்டைக்குப் போகக்கூடாது.

பெங்கால், சிறுத்தைப் பூனை என்ற காட்டு இனத்தோடு வீட்டுப்பூனையைக் கலந்து அமெரிக்காவில் உண்டாக்கியது. ஏறும், தாவும், தண்ணீரில் விளையாடும். சும்மா இருக்கத் தெரியாது. சின்ன வீட்டில் அடைத்தால் வீட்டை இரண்டாக்கிவிடும். மெய்ன் கூன் ஆள் பெரியது, ஆண் 8 கிலோ வரை வரும், குணம் சாந்தம். காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்ட் பார்க்க அழகுதான். ஆனால் காதை மடக்குகிற அதே குறைபாடு எலும்பு மூட்டுகளையும் பாதித்து வலி கொடுக்கிறது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் விவரம் திரட்டி 2019-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ரகத்துக்கு ரகம் குணம் மாறுவது உண்மை என்றும், குணத்தில் ஏறக்குறையப் பாதி பரம்பரையாக வருகிறது என்றும் அதில் கண்டார்கள். மீதிப் பாதி வளர்ப்பு. பிறந்த 2-வது வாரம் முதல் 7-வது வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்த குட்டி ஆளைக் கண்டால் ஓடாது. அந்த நாட்களைக் கூண்டில் கழித்த குட்டி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் மிரளும்.

நாட்டுப் பூனையின் லட்சணம்

நம் நாட்டுப் பூனைக்குச் சான்றிதழ் கிடையாது. நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற உடம்பு உண்டு. கறுப்பு, வெள்ளை, செம்பட்டை மூன்றும் கலந்தது என்றால் ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். முழுச் செம்பட்டையில் பெரும்பாலானவை கடுவன். நீலக் கண்ணுள்ள முழு வெள்ளைப் பூனைக்குப் பல நேரம் காது கேட்காது. கண்டெய்னர் லாரி ஓடும் எண்ணூர் சாலை ஓரத்தில் அதை வெளியே விட்டால் உயிர் தங்காது.

வியாபாரிகளுக்கு ஒரு சுவையான செய்தி: பூனையின் நாக்குக்கு இனிப்பு தெரியாது. வெல்ல மண்டியில் விட்டாலும் வெல்லத்தைத் தொடாது, கருவாட்டைத்தான் தேடும். அது முழுக்க மாமிசப் பிராணி. தயிர் சாதத்திலேயே வளர்த்தால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது.

அதன் பொறுமைக்குச் சாட்சி நம் துறைமுகத்திலேயே உண்டு. 2020 பிப்ரவரியில், சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த கண்டெய்னருக்குள் ஒரு பூனை உயிரோடு இருந்தது. கொரோனா பயம் பரவிய நேரம். வந்த வழியே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். பிராணிகள் நல அமைப்பான பீட்டா குறுக்கிட்டது. தனிமையில் வைத்திருந்து, ஏப்ரலில் அந்த அமைப்பிடமே ஒப்படைத்தார்கள். குறைந்த நீரில் காலம் தள்ளும் உடம்பு பூனைக்குப் பாலைவன மூதாதையர் கொடுத்த சொத்து.

கடையில் எங்கே வைப்பது?

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளின் 4-வது அட்டவணைப்படி, உணவுப் பொருள் வைக்கும் இடத்துக்குள் வளர்ப்புப் பிராணிகளை விடக்கூடாது. "அண்ணாச்சி, பூனை இல்லாட்டி எலி மூட்டையைக் கிழிச்சிடுமே" என்று சிறுகடைக்காரர்கள் நம்மிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நியூயார்க்கில் ஒரு குப்பைக் கிடங்கில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு. 2018-ல் வெளியான ஆய்வு இது. பூனையைக் கண்டு எலி பதுங்கியதே தவிர, தொகை குறைந்தபாடில்லை. சுண்டெலிக்குப் பூனை எமன். பெருச்சாளியைக் கண்டால் பூனையே ஒதுங்கிப் போகும். ஆகவே கதவுக்கு அடியில் தகடு அடிப்பது, சாக்கடை வாய்க்கு வலை போடுவது, மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளிப் பலகை மேல் அடுக்குவது ஆகியவை நம் வேலை. வாசலிலும் பின்சந்திலும் காவல் நிற்பது பூனையின் வேலை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். எலி மருந்துக் கட்டியும் பூனையும் ஒரே இடத்தில் ஆகாது. மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடிக்கொண்டு வரும். அதைப் பிடித்துத் தின்ற பூனைக்கு நாலைந்து நாளில் உள்ளுக்குள் ரத்தம் கசியும். நம் வட்டாரத்துக் குடோன்களில் காரணம் தெரியாமல் செத்த பூனைகளில் எத்தனை இப்படிப் போயினவோ! சோர்வோ ரத்தப்போக்கோ கண்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோனால் பிழைக்க வழி உண்டு. மருந்துக் கட்டியின் உறையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். பினாயில் தெளித்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் பூனைக்கு விஷம். அந்துருண்டையும் அப்படியே. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே அதைக் கொன்றுவிடும். இவை எல்லாம் நம் அலமாரியிலேயே இருப்பவை.

வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும். தடுப்பூசி போடுங்கள். ஆறு மாதம் ஆவதற்குள் கருத்தடை செய்துவிட்டால் சந்து நிறையக் குட்டிகள் பெருகாது. கடுவனும் ஊர் சுற்றிச் சண்டை போடுவது குறையும்.

ஜப்பானில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில், கையைத் தூக்கி வாடிக்கையாளரை அழைக்கும் பூனை பொம்மை வைக்கிறார்கள். நம் ஊரிலோ பூனை குறுக்கே போனால் கொள்முதலுக்குப் போகிறவர் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார். பூனை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். எலி இருக்கும் பக்கம் போகிறது, அவ்வளவே.

பேரப்பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள். குளிர்ச்சியான அறையும், வைத்தியச் செலவும், பதினைந்து வருடப் பொறுப்பும் உண்டு என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்கிக் கொடுங்கள். நோய் வந்ததும் சந்தையில் கொண்டுபோய் விடுவதற்காக வாங்காதீர்கள். கடைக்கோ, வாசலில் வந்து நிற்கும் நாட்டுப் பூனை போதும். ராத்திரி கடை சாத்தும்போது இரண்டு மத்தித் தலையும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வெளியே வையுங்கள். ஷட்டரை இறக்கும் முன் மூட்டை இடுக்கில் எங்காவது அது தூங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.