படகுல ஏசி மாட்ட முடியுமா? தடைக்காலத்தில் பழைய படகைப் புதுப்பிப்போர் கவனிக்க வேண்டியவை!

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தஞ்சை மாவட்டத்தின் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் தொடங்கி நாகப்பட்டினம் வரை விசைப்படகுகளுக்கு மராமத்து நடப்பது இந்த நாட்களில்தான். கத்திரி வெயிலும் இதே சமயம்தான். அதனால் ‘கேபினுக்கு ஒரு ஏசி போட்டா என்ன?’ என்ற ஆசை வருவது இயல்பு. முடியும். ஆனால் வீட்டு ஏசியை அப்படியே தூக்கி மாட்டுவது சரிப்படாது.

வீட்டு ஏசி ஏன் கூடாது?

வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட் வெப்பத்தைக் காற்றில் தள்ளும். கடலில் உப்புக்காற்று அதன் காயிலை விரைவில் அரித்துவிடும். படகின் குலுக்கலில் கேஸ் பைப்பும் விட்டுப்போகும். படகுக்கான மரைன் ஏசி, வெப்பத்தைக் கடல்நீரில் தள்ளுகிறது. பம்ப் நீரை உறிஞ்சும்; அது வடிகட்டி வழியாக ஏசிக்குள் போய், சூடாகி வெளியேறும்.

அடிப்பகுதியில் ஓட்டை

அந்த நீரை எடுக்க, நீர்மட்டத்துக்குக் கீழே படகில் துளை போட வேண்டும். படகு கரையில் நிற்கும்போதுதான் இதைச் செய்ய முடியும். துளையில் கடலுக்கான வெண்கல வால்வு அவசியம். வீட்டுக் குழாய்க்கான சாதாரண வால்வு உடைந்தால் படகே மூழ்கலாம். பாக் நீரிணை ஆழம் குறைந்த சேற்றுக்கடல் என்பதால் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். வெளிக்குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஏசியை உடனே நிறுத்துங்கள்.

பேட்டரி தாங்குமா?

1 டன் ஏசிக்குச் சுமார் 1,000 வாட் தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். அது கெடாமலிருக்கப் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதாவது ஒரு பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது! ஆலப்புழா படகு வீடுகளிலும் ஏசிக்கு ஜெனரேட்டர்தான். பல படகுகளில் இரவில் மட்டுமே ஏசி ஓடும்.

உயிருக்கு ஆபத்து எங்கே?

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலை அடைத்துத் தூங்கும் கேபினுக்குள் அது கசிந்தால் தூக்கத்திலேயே உயிர் போகலாம். எனவே புகைக்குழாய் கேபினை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். ஏசி இன்ஜின் அறைக் காற்றை இழுக்கவே கூடாது. கேபினில் கார்பன் மோனாக்சைடு அலாரமும், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் கட்டாயம் வையுங்கள்.

முதலில் என்ன செய்யலாம்?

கேபின் கூரைக்கு உள்பக்கம் வெப்பத் தடுப்பு ஷீட், மேலே வெள்ளை பெயின்ட், 12 வோல்ட் ஃபேன். இவற்றுக்குச் செலவு குறைவு, துளையும் வேண்டாம். அதற்குப் பிறகும் புழுக்கம் தாங்கலைன்னா ஏசியை யோசிக்கலாம். அப்போதும் துளை போடும் வேலையைப் படகு கட்டும் ஆசாரியிடமும், வயரிங்கை எலக்ட்ரீஷியனிடமும் விட்டுவிடுவதே நல்லது.