துணிக்கு எவ்வளவு, லேபிளுக்கு எவ்வளவு?

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் டி-சர்ட் ஒன்றைக் காட்டி, இதைத் தைத்துத்தர என்ன ஆகும் என்று கேட்டுப்பாருங்கள். விலை உடனே வராது. எத்தனை ஜிஎஸ்எம், சிங்கிள் ஜெர்சியா இண்டர்லாக்கா, கழுத்துக்கு ரிப்பா, பிரிண்ட் உண்டா, எத்தனை ஆயிரம் பீஸ், என்றைக்கு வேண்டும் என்று வரிசையாகக் கேள்விகள்தான் வரும். பிறகு நூல், நிட்டிங் கூலி, டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங், வேஸ்டேஜ் என்று தாளில் எழுதிக் கூட்டி, ஐம்பது பைசாவுக்கும் பேரம் பேசிய பிறகே ஒரு விலையைச் சொல்வார். அப்படிப்பட்டவர்களே அவிநாசி ரோட்டுப் போன் கடையில் 1,34,900 ரூபாய் ஐபோன் 17 ப்ரோவுக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் கார்டை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விகளைப் போனிடமும் கேட்டாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். பையர் அனுப்பும் டெக் பேக்கைப் படித்து, சாம்பிள் தைக்க வைத்து, காஸ்டிங் போட்டு, ஷேடுக்கு அப்ரூவல் வாங்கி, சரக்கு கப்பல் ஏறும் வரை எல்லோரிடமும் மன்றாடுகிற வேலை. போன் இல்லாமல் எனக்கு ஒரு மணி நேரம்கூட ஓடாது. அதனால் கம்பெனியில் யார் போன் வாங்க நினைத்தாலும் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். போன தீபாவளிக்கு முன்பு வந்தவன், பிளாட்லாக் ஓட்டும் சேவூர்ப் பக்கத்துத் தம்பி.

"அக்கா, ஐபோன் பதினேழு எடுக்கலாம்னு இருக்கேனுங்க. மாசம் ஏழாயிரத்து ஐநூறு கட்டுனாப் போதுமுங்களாம்."

"இப்ப இருக்கற போனுக்கு என்ன தம்பி?"

"அது அப்பப்ப நின்னு போகுதுங்க்கா. இது ரொம்ப வருசம் வருமுன்னு சொல்றாங்க. கையில வெச்சிருந்தாலும் ஒரு மதிப்பா இருக்குமுங்க."

அவன் சொன்ன காரணங்கள் இரண்டு. ரொம்ப வருசம் வரும் என்பது துணியின் தரம். மதிப்பாக இருக்கும் என்பது லேபிள். ஒரே துணியை ஒரே லைனில் தைத்து, இரண்டு லேபிள் வைத்து, இரண்டு நாட்டுக்கு அனுப்புகிற ஊர் எங்களுடையது. துணிக்கு எவ்வளவு, லேபிளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் துணி. போன் கீழே விழுந்து உடைவது ஒரு பக்கம் இருக்கட்டும். உடையாத போனுக்கு வயதாவது இரண்டு வழிகளில்: பேட்டரி தளரும், மென்பொருள் பழசாகும். கம்பெனி புதிய மென்பொருள் தருவதை நிறுத்தியதும் போன் அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். பிறகு ஒவ்வொரு செயலியாகக் கைவிடும். 2025 ஜனவரியில் ஆண்ட்ராய்டு 4.4-உம் அதற்கு முந்தையதும் உள்ள போன்களில் வாட்ஸ்அப் நின்றது. அதே ஆண்டில் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களிலும் நின்றது. பணம் அனுப்புகிற செயலிகள் இருக்கும் போனில் இது விளையாட்டுக் காரியமல்ல.

இந்த விஷயத்தில் விலை உயர்ந்த போன்களுக்கு நல்ல பெயர் உண்டு. 2018-இல் 76,900 ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு 2024-இல் வெளியான ஐஓஎஸ் 18 வரை அப்டேட் கிடைத்தது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. ஆனால் இது இப்போது பணக்காரப் போன்களுக்கு மட்டுமே உரியதல்ல. 2024 அக்டோபரில் சுமார் 19,000 ரூபாய்க்கு வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு சாம்சங் ஆறாண்டு சொல்லியிருக்கிறது. வித்தியாசம் உள்ளே இருக்கும் சிப்பில். விலை குறைந்த போனில் நாலாவது வருடம் அப்டேட் வரும். ஆனால் அதைத் தாங்கும் சக்தி சிப்புக்கும் ரேமுக்கும் குறைந்திருக்கும். விலை உயர்ந்த போனில் அந்தச் சக்தி மிச்சமிருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நியாயமான பங்கு இதற்குத்தான்.

பேட்டரி மட்டும் யாருக்கும் விதிவிலக்குத் தராது. ஆப்பிளே சொல்லும் கணக்குப்படி, ஐபோன் 15 முதல் வரும் மாடல்களில் 1,000 முறை முழுச் சார்ஜ் ஆன பிறகு பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்சும். அதற்கு முந்தைய மாடல்களில் 500 முறைக்கே அந்த நிலை. தினம் ஒரு சார்ஜ் என்றால் 1,000 முறை மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். ஆறு வருடம் வைத்திருக்க நினைப்பவர் நடுவில் ஒரு பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது காஸ்டிங். ஐபோன் 17-இன் விலை 82,900 ரூபாய். ஆறு வருடம் வைத்திருந்தால் மாதத்துக்குச் சுமார் 1,150 ரூபாய். 24,000 ரூபாய்ப் போனை மூன்று வருடம் வைத்திருந்தால் மாதம் 667. இரண்டுக்கும் இடையில் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நல்ல திரை, நல்ல கேமரா, தடங்கலில்லாத வேகம் இவற்றுக்கு அது அநியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதே 82,900 ரூபாய்ப் போனை இரண்டு வருடத்தில் மாற்றினால் மாதம் 3,450-ஐத் தாண்டுகிறது. பழைய போனை விற்று வரும் பணத்தைக் கழித்தாலும் ஆறு வருடக் கணக்குக்குப் பக்கத்தில் வராது. ஆகவே போன் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், இதை எத்தனை வருடம் கையில் வைத்திருப்பேன் என்று நம்மையே கேட்டு உண்மையான பதிலைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கேமராவுக்கு வருகிறேன். இங்கேதான் எங்கள் தொழிலில் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். கேமரா நன்றாக இருந்தால் ஷேடை அப்படியே படமெடுத்துப் பையருக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஒரு லட்ச ரூபாய்ப் போனாலும் அது நடக்காது. இன்றைய போன் ஒரு பட்டனை அழுத்தினால் பல படங்களை எடுத்து, வெளிச்சத்தைச் சமன் செய்து, நிறத்தைக் கண்ணுக்கு இனிமையாகத் திருத்தி, ஒரே படமாகத் தருகிறது. முகத்துக்கு அது நல்லது. லேப் டிப் என்னும் சாய மாதிரித் துண்டுக்கு அது ஆபத்து. நேவி புளூ அந்தப் படத்தில் ராயல் புளூவின் பக்கம் சாயும். கறுப்புக்குள் இருக்கும் பச்சைச் சாயல் மறைந்துபோகும். அனுப்பிய படத்தைப் பையர் பார்ப்பது அவருடைய திரையில்; அந்தத் திரை காட்டும் நிறம் இன்னொன்று. ஷேடு பார்க்க லைட் பாக்ஸ்தான். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று மாற்றி மாற்றிப் பார்ப்பதே, ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும் நிறம் இன்னொன்றில் விலகிவிடும் என்பதற்காக. துணித்துண்டு கூரியரில் போய்த்தான் ஆக வேண்டும்.

நல்ல கேமரா உதவுகிற இடம் வேறு. செக்கிங் டேபிளில் ஊசி ஓட்டை, தையல் விட்ட இடம், நிட்டிங்கில் விழுந்த கோடு இவற்றை மிக அருகில் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். விலை குறைந்த பல போன்களில் மேக்ரோ என்று எழுதி 2 மெகாபிக்சல் லென்ஸ் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். பின்பக்கத்தில் மூன்று கண் இருப்பதாகக் காட்ட அது உதவும். பிரிந்த நூலைக் காட்ட உதவாது. ஃபோகஸை நெருங்கிப் பிடிக்கும் மேல்நிலைப் போனில் ஒவ்வொரு லூப்பும் தனித்தனியாகத் தெரியும். எங்கே தவறு என்று டையிங்காரரோடும் நிட்டிங்காரரோடும் பேசும்போது அந்த ஒரு படம் அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தியதை அனுபவித்திருக்கிறேன். என் வேலைக்கு அது துணியின் கணக்கில் வரும். வேறு வேலை செய்பவருக்கு வராமல் போகலாம்.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது. பனியன் கம்பெனியில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். சார்ஜ் போடும் துளையில் அது சேர்ந்து, கேபிள் நுனியால் அழுந்தி அழுந்திக் கெட்டியாகிவிடும். ஒரு நாள் சார்ஜ் ஏறாது. போன் கெட்டது என்று நினைப்போம். அணைத்துவிட்டுப் பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்தால் சரியாகிவிடும். ஊசியை உள்ளே விடாதீர்கள். ஐபி68 என்று பெட்டியில் எழுதியிருந்தால் தூசி போனின் வயிற்றுக்குள் போகாது என்று பொருள். துளை அடைபடுவதை அது தடுக்காது. கேபிள் இல்லாமல் சார்ஜ் ஏறும் வசதி, 25,000 ரூபாய்க்குள் அபூர்வம், மேல்நிலைப் போன்களில் சாதாரணம். நிட்டிங்கிலும் கட்டிங்கிலும் நிற்பவர்களுக்கு அது ஆடம்பரம் இல்லை.

இனி லேபிள். "நம்ம நாட்டுலயே செய்யறாங்களே, அப்புறம் எதுக்குங்க்கா இந்த விலை?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 2019-இல் ஐபோன் எக்ஸ்ஆரில் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பூட்டுகிறது. ஓசூர் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் அவற்றின் உடற்பாகங்களைச் செய்கிறது. வெளியிலிருந்து வரும் போனுக்கான சுங்கவரி 2024 ஜூலை பட்ஜெட்டில் 20-லிருந்து 15 சதவீதமானது. இங்கே பூட்டிய போனுக்கு அது கிடையாது. 2020 ஏப்ரல் முதல் ஜிஎஸ்டி எல்லாப் போனுக்கும் 18 சதவீதம். இத்தனைக்கும் பிறகு விலை ஏன் இறங்கவில்லை? பூட்டிச் சேர்க்கும் கூலி மொத்த விலையில் சிறு பங்கு. நாங்கள் கப்பலில் ஏற்றிவிடும் விலைக்கும் அதே சட்டையில் ஐரோப்பியக் கடை தொங்கவிடும் டேக்குக்கும் எத்தனை மடங்கு என்று எங்களைக் கேட்டால் தெரியும். சிப், மென்பொருள், ஆராய்ச்சி, விளம்பரம், கம்பெனியின் லாபம் எல்லாம் தைக்கிற இடத்துக்கு வெளியே சேர்கிறவை.

லேபிளுக்குப் பணம் கொடுப்பது மடத்தனம் என்று தம்பியிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பேங்குல, ஷோரூமுல எல்லாம் கையில இருக்கற போனைப் பாத்துட்டுத்தானுங்க்கா உக்காரச் சொல்றாங்க" என்றான். உண்மை. பையர் வருகிற நாளில் கான்பரன்ஸ் மேசையில் என் போன் எப்படி இருக்கிறது என்று நானும் பார்க்கிறேன். எட்டு மணி நேரம் மெஷினில் குனிந்து உட்காருகிறவன் தன்னை மதிக்கவேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே இல்லை. என் மனதை அறுத்தது, அந்த மதிப்புக்கு அவன் கட்டப்போகிற வட்டி.

82,900 ரூபாய்க்கு 16 சதவீத வட்டியில் 12 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 7,520. வட்டி மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம். வட்டியில்லாத் தவணை என்றும் சொல்வார்கள். 'பூஜ்ய வட்டி' என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டிக்குச் சமமான தள்ளுபடியைக் கடையோ கம்பெனியோ வங்கிக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான். முழுப்பணம் கட்டுகிறவர் அந்தத் தள்ளுபடியைத் தனக்குக் கேட்கலாம், கேளுங்கள். கிரெடிட் கார்டு தவணையில் வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி, பிராசசிங் கட்டணம் தனி.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை வரும். ஆனால் எல்லாச் சனிக்கிழமையும் ஒன்றாக இராது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றது. 2020-இல் ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது தைத்துக்கொண்டிருந்த ஆர்டர்களையே நிறுத்தி வைத்தார்கள். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டானது. ஆர்டர் நின்றால் தவணை நிற்காது. ஷிப்ட் கூலியை நம்பி வாழ்கிற யாரும் போனுக்காகப் பன்னிரண்டு மாதத்தை அடகு வைக்கக்கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தம்பியிடம் அதைத்தான் சொன்னேன். அவன் போனஸ் வாங்கி, சேர்த்து வைத்ததையும் போட்டு, தவணை இல்லாமல் ஐபோன் 16 எடுத்தான். புதுசு வந்ததும் முந்தைய மாடல் விலை இறங்கும்: ஐபோன் 15 2023-இல் 79,900; அடுத்த வருடம் 16 வந்ததும் 69,900. ஒரு வருடம் பின்னால் நின்றால் லேபிள் அதேதான், பத்தாயிரம் மிச்சம்.

ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் அண்ணன்களுக்கு ஒரு வார்த்தை. தொழிலுக்காகப் போன் வாங்கினால் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் போடுங்கள். 82,900-இல் வரி மட்டும் 12,600 ரூபாய்க்கு மேல். காம்போசிஷனில் இல்லாதவர்கள் அதை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். சொந்தப் பெயரில் பில் வாங்கிவிட்டுப் பிறகு ஆடிட்டரிடம் போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய போன் வாங்குகிறவர்கள் பில்லைக் கேளுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் எத்தனை சதவீதம் என்றும், பாகம் ஏதாவது மாற்றியிருக்கிறார்களா என்றும் தெரியும். எந்தப் போனிலும் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் டைப் செய்து, இடம் விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புத் துறையின் பதிலில் வரும் மாடல் கையில் இருக்கும் போனோடு ஒத்துப்போகாவிட்டாலோ, தடை செய்யப்பட்டது என்று வந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.