உங்களுக்குத் தெரியுமா? சோம்பு வாசனையைத் துரத்தும் நாய்கள்!

இங்கிலாந்தின் வடமேற்கே, கம்ப்ரியா மலைப்பகுதியில் நாய்களுக்கென்று 'ஹவுண்ட் டிரெய்லிங்' என்ற மோப்பப் பந்தயம் உண்டு. அவை துரத்துவது நரியையோ முயலையோ அல்ல, வெறும் வாசனையை!

மண்ணெண்ணெயும் சோம்பு எண்ணெயும் கலந்து, அதில் கம்பளித் துணியை ஊறவைப்பார்கள். பாதையின் நடுவிலிருந்து இருவர் புறப்படுவார்கள். ஒருவர் தொடக்க இடத்தை நோக்கியும் மற்றவர் முடிவிடத்தை நோக்கியும் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டே நடப்பார்கள். முதலாமவர் வந்து சேர்ந்ததும் நாய்களை அவிழ்த்துவிடுவார்கள். அதன்பிறகு வழிகாட்ட யாரும் கிடையாது, மூக்குதான் துணை. கற்சுவர், ஓடை, புதர் எல்லாவற்றையும் தாண்டி வளர்ந்த நாய்கள் சுமார் 16 கிலோமீட்டர் ஓடுகின்றன. 25 முதல் 45 நிமிடத்துக்குள் பந்தயம் முடிய வேண்டும். குட்டிகளுக்குப் பாதித் தூரம்.

முடிவிடத்தில் உரிமையாளர்கள் உணவுக் கிண்ணத்தோடு நின்று, விசிலடித்து, தங்கள் நாயின் பெயரைச் சொல்லிக் கூவி அழைப்பார்கள். பார்க்கவே பரவசமான காட்சி அது!

நரி வேட்டை நாய்களின் வழிவந்தவை இவை. பிறவியிலேயே வந்த வேட்டைக் குணத்துக்கு இந்தப் பந்தயத்தில் நல்ல தீனி கிடைக்கிறது. எந்த உயிருக்கும் சேதமில்லை. அதனாலேயே இது மெச்சத்தக்க விளையாட்டு. இதற்கான ஹவுண்ட் டிரெய்லிங் சங்கம் 1906-இல் தொடங்கப்பட்டது.